பத்தாந் திகதி கட்டினால் தண்டமா?

மென்பொருள் சோதனை எழுதப் பழகும் பெண்களைப் பற்றி

எமது கிராமங்களில் இயங்கும் மாதர் சங்கங்களிலும் சிறுசேமிப்புக் குழுக்களிலும் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பொருளாளர் கணக்கை வாசித்து முடித்ததும் அதை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. பணப்பெட்டியைத் திறந்து உறுப்பினர்கள் இருவர் எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணி வந்த தொகையும் புத்தகத்தில் எழுதிய தொகையும் ஒன்றாக இருந்தால்தான் தலைவி கையொப்பமிடுவார். பொருளாளரில் நம்பிக்கை இல்லை என்பது இதன் அர்த்தமல்ல. நாளை ஒருவர் வந்து பழி சொன்னால் பொருளாளரைக் காப்பாற்றுவதும் இந்த எண்ணிக்கைதான்.

கணினியில் ஓடும் மென்பொருளுக்கும் இத்தகைய எண்ணிக்கை தேவைப்படுகிறது. கடன் கணக்குப் போடும் மென்பொருள் ஒன்றை எழுதினால், அது சரியாகக் கணக்குப் போடுகிறதா என்று பார்ப்பதற்கு இன்னொரு சிறு செய்நிரலையும் எழுதுகிறார்கள். விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு கணக்கை அது மென்பொருளிடம் கொடுக்கும். வந்த விடையை எமக்குத் தெரிந்த விடையுடன் ஒப்பிடும். இரண்டும் ஒத்துப்போனால் திரையில் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. இதைத்தான் தன்னியக்கச் சோதனை என்கிறார்கள். நூற்றுக்கணக்கான சோதனைகளைக் கணினி சில நிமிடங்களில் தானாகவே ஓட்டி முடித்துவிடும். மென்பொருளில் ஒரு வரியை மாற்றினாலும் எல்லாச் சோதனைகளும் மறுபடி ஓடும்.

கணினி வகுப்பு என்றால் ரைப்பிங் பழகுவதும் கடிதம் அடிப்பதும் என்றிருந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது உயர்தரம் முடித்த எமது பெண்பிள்ளைகள் பலர் 'கியூ.ஏ.' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மென்பொருள் தரப் பரிசோதனைப் பாடநெறிகளில் சேர்கிறார்கள். கணிதப் பிரிவில் படித்திருக்க வேண்டியதில்லை என்பதும், வீட்டிலிருந்தே வேலை செய்ய வாய்ப்புண்டு என்பதும் இதற்குக் காரணங்கள். இந்தப் படிப்பில் ஒரு பகுதியை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறேன். சோதனையை எப்படி எழுதினால் இன்னொருவர் வாசித்து விளங்கிக்கொள்ளலாம் என்பதே அது.

வாசகியரில் அநேகருக்குக் கணினி தெரியாமல் இருக்கலாம். ஆனால் உங்களுடைய விடயங்கள் கணினிக்குள்ளே இருக்கின்றன. வங்கிக் கடன், மின்சாரப் பட்டியல், பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு எல்லாம் அங்கேதான். 2023 இல் அஸ்வெசும நலன்புரித் திட்டம் தொடங்கியபோது, வீடு வீடாகத் திரட்டிய தகவல்களைக் கணினியில் இட்டுப் புள்ளி கணித்தே குடும்பங்கள் தெரிவு செய்யப்பட்டன. மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் இலட்சக்கணக்கில் வந்தன. "சிஸ்டத்தில அப்பிடித்தான் காட்டுது" என்ற பதிலை ஒரு முறையாவது கேட்டிராத பெண்கள் எம்மிடையே குறைவு.

வாசிக்க முடியாத சோதனை

கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்த 27 வயது யுவதி ஒருவர் இப்பாடநெறியைப் படிக்கிறார். பெயர் வேண்டாம் என்றார். 2009 இல் தகப்பனை இழந்தபோது அவருக்குப் பதினொரு வயது. தாயார் கோழி வளர்த்தும் தையல் தைத்தும் பிள்ளைகளை ஆளாக்கியவர். ஊரில் சேமிப்புக் குழுவொன்றின் பொருளாளராகவும் பல ஆண்டுகள் இருந்து வருகிறார்.

வகுப்பில் பயிற்சிக்காகக் கொடுக்கப்பட்டதும் தற்செயலாக ஒரு சேமிப்புக் குழுவின் கடன் மென்பொருள்தான். விதிகள் இலகுவானவை. உறுப்பினர் தன் சேமிப்பின் மூன்று மடங்கு வரை கடன் பெறலாம். ஒவ்வொரு மாதமும் 10 ஆம் திகதிக்குள் தவணை கட்ட வேண்டும். பிந்தினால் 50 ரூபா தண்டப்பணம்.

யுவதி எழுதிய முதற் சோதனைக்கு 'சோதனை 1' என்று பெயர். உள்ளே அ, ஆ, இ என்பது போல ஒற்றை எழுத்துப் பெயர்கள். 5000, 10, 11, 3 என்று எண்கள் வரிசையாக நின்றன. கடன் எல்லை, தண்டப்பணம், மீதித் தொகை எல்லாவற்றையும் அந்த ஒன்றிலேயே பதினான்கு தடவை சரிபார்த்திருந்தார். ஓட்டிப் பார்த்தபோது சிவப்பு காட்டியது. எட்டாவது வரியில் '0 வர வேண்டியது, 50 வந்தது' என்று மட்டும் திரை சொன்னது. முதலாவது பிழையிலேயே சோதனை நின்றுவிடுவதால் மிகுதி வரிகள் ஓடவே இல்லை.

போதனாசிரியை அதைத் திருத்திக் கொடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, அதே பக்கத்தைத் திரையில் போட்டு வகுப்புக்கு வாசித்து விளக்கச் சொன்னார். அந்த 3 எதைக் குறிக்கிறது என்று ஒருத்தி கேட்டாள். சேமிப்பின் மடங்கா, மூன்றாம் மாதமா, மூன்றாவது உறுப்பினரா?

"நான் எழுதினதுதான் அக்கா. ஆனா எனக்கே விளங்கேல்லை" என்று யுவதி என்னிடம் சிரித்தபடி சொன்னார்.

போதனாசிரியை கேட்ட கேள்வியை அவர் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்: "இதை எழுதினவ லீவில நிக்கிற நாளில இது சிவப்பாச்செண்டால் ஆர் பிள்ளை வாசிக்கிறது?"

பெயரை மாற்றியபோது

பிறகு அந்த ஒரு சோதனையைப் பலவாகப் பிரித்தார்கள். ஒரு சோதனை ஒரு விடயத்தை மட்டுமே பார்க்கும். பெயரை முழு வசனமாக வைக்கச் சொன்னார்கள். தண்டப்பணம் பற்றிய பகுதி இப்படி ஆயிற்று:

தவணை நாளுக்கு முதல்நாள் கட்டினால் தண்டம் இல்லை.
தவணை நாளன்றே கட்டினால் தண்டம் இல்லை.
தவணை நாளுக்கு அடுத்த நாள் கட்டினால் தண்டம் 50 ரூபா.
கடனை முழுதாகக் கட்டி முடித்தவருக்குத் தண்டம் இல்லை.

இப்போது ஓட்டியபோது இரண்டாவது மட்டும் சிவப்பு. ஏனைய மூன்றும் பச்சை. பிழை எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. 10 ஆம் திகதி வந்து காசு கட்டும் பெண்ணுக்கும் மென்பொருள் தண்டம் போடுகிறது என்பதைச் சோதனையின் பெயரே சொல்லிவிட்டது. மென்பொருளை எழுதியவர் '10 ஆம் திகதி அல்லது அதற்கு முன்' என்று எழுத வேண்டிய இடத்தில் '10 ஆம் திகதிக்கு முன்' என்று எழுதியிருந்தார். ஒரேயொரு குறிதான் விடுபட்டிருந்தது.

எல்லைக்கோட்டில்தான் இத்தகைய வழுக்கள் ஒளிந்திருக்கும். 5 ஆம் திகதியையும் 25 ஆம் திகதியையும் வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். 9, 10, 11 என்று மூன்றையும் பார்க்க வேண்டும். கடன் எல்லையும் அப்படியே. 5,000 ரூபா சேமிப்பு உள்ளவருக்கு 15,000 கிடைக்க வேண்டும், 15,001 கிடைக்கக் கூடாது.

50 ரூபா சிறிய தொகை என்று நினைப்பவர்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாற்பது பேர் உள்ள குழுவில் அரைவாசிப் பேர் கடைசி நாளில்தான் கட்டுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். எம்மவரின் கையில் காசு புரளும் விதம் அப்படித்தானே. இருபது பேருக்கு மாதம் 1,000 ரூபா. ஆண்டுக்கு 12,000 ரூபா. எவரும் களவெடுக்கவில்லை, ஆனால் ஏழைப் பெண்களின் காசு போய்விட்டது. கேட்டால் பொருளாளர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு சோதனையின் உள்ளேயும் மூன்று பகுதிகள் இருக்க வேண்டும் என்பது அடுத்து அவர் பழகியது. முதலில் ஆயத்தம், அதாவது யார், எவ்வளவு கடன், தவணை நாள் எது. அடுத்தது செயல். அவர் எந்த நாளில் கட்டுகிறார் என்ற ஒரே வரி. கடைசியில் சரிபார்ப்பு. பில் வேக் என்பவர் 2001 இல் இந்த மூன்றுக்கும் ஒரே எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களை வைத்துப் பெயர் சூட்டியதிலிருந்து உலகெங்கும் சோதனை எழுதுவோர் இதைப் பின்பற்றுகிறார்கள். மூன்றுக்கும் இடையே ஒரு வெற்று வரி விட்டாலே பக்கம் தெளிந்துவிடும். தண்டப்பணத்தைச் சோதிக்கும்போது உறுப்பினரின் விலாசமும் அடையாள அட்டை இலக்கமும் அங்கே நிற்கத் தேவையில்லை. அவற்றை வேறோர் இடத்தில் ஒரு தடவை எழுதி ஒதுக்கிவிட்டு, இந்தச் சோதனைக்கு வேண்டிய திகதியை மட்டும் கண்ணுக்குத் தெரியும்படி வைக்க வேண்டும்.

அம்மா கேட்ட கேள்வி

யுவதிக்குக் கொடுத்த வீட்டுப்பாடம் எனக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. சோதனைகளின் பெயர்களை மட்டும் கணினி தெரியாத ஒருவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவர் இரவு தொலைபேசியில் தாயாருக்கு வாசித்தார்.

தாயார் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பத்தாந் திகதி போயா எண்டால் என்ன செய்யிறது பிள்ளை? அண்டைக்குச் சங்கக் கந்தோர் பூட்டெல்லே" என்று கேட்டிருக்கிறார்.

மென்பொருளை எழுதியவருக்கோ போதனாசிரியைக்கோ வகுப்பில் இருந்த இருபது பேருக்கோ அது தோன்றவில்லை. மாதந்தோறும் அந்தக் கந்தோர் வாசலில் காசுடன் நின்ற ஒருவருக்குத்தான் தோன்றியது. 'சோதனை 1' என்று வாசித்திருந்தால் தாயாரால் எதையும் கேட்டிருக்க முடியாது. வாசிக்கத்தக்க சோதனை என்பதன் பெறுமதி இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். படித்தவர்களுக்கு வசதி என்பது ஒரு பக்கம். விதியால் பாதிக்கப்படப் போகிறவர் அந்த விதியைக் காதால் கேட்டு, 'இது பிழை' என்றோ 'இது காணாது' என்றோ சொல்லக்கூடியதாக இருக்கிறதே, அது பெரிய விடயம்.

தாயாரின் கேள்வி அவரது சொந்தக் குழுவுக்கும் போனது. அங்கும் அதற்கு எழுதிய விதி இருக்கவில்லை. விடுமுறை நாளில் தவணை வந்தால் அடுத்த வேலை நாளில் கட்டலாம் என்று மாதக் கூட்டத்தில் தீர்மானம் எழுதினார்கள். மகள் ஐந்தாவது சோதனையை எழுதினார்.

தமிழிலும் எழுதலாம்

சாதாரண வசனத்தில் கணினிக்கு எழுதுவது என்ற எண்ணம் புதியதல்ல. அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய கிரேஸ் ஹொப்பர் என்ற பெண் கணிதவியலாளர் 1950 களிலேயே, குறியீடுகளுக்குப் பதிலாக ஆங்கிலச் சொற்களால் செய்நிரல் எழுதலாம் என்று வாதாடினார். அவருடைய முயற்சி 1959 இல் தொடங்கிய கோபோல் மொழிக்கு அடிப்படையாயிற்று. ஆங்கிலத்துக்குப் பதிலாகப் பிரெஞ்சு, ஜேர்மன் சொற்களையும் போட்டுக் காட்டியபோது தமது மேலதிகாரிகள் திடுக்கிட்டுப் போனதாக அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். அமெரிக்கக் கணினிக்கு அந்நிய மொழி எப்படி விளங்கும் என்பது அவர்களுடைய கவலை!

சோதனைகளைப் பொறுத்தவரை டான் நோர்த் என்பவர் 2006 இல் எழுதிய ஒரு கட்டுரை முக்கியமானது. புதிதாகப் பழகுபவர்கள் எங்கே தொடங்குவது, எதைச் சோதிப்பது, எதை விடுவது, ஒரே தடவையில் எவ்வளவு சோதிப்பது, என்ன பெயர் வைப்பது என்று ஒரே குழப்பங்களில் மாட்டுவதை அவர் கண்டார். சோதனையின் பெயரை வசனமாக எழுதத் தொடங்கியதும் பல குழப்பங்கள் தாமாகவே தீர்ந்தன. 'இந்த நிலையில், இது நடந்தால், இந்த விளைவு வரவேண்டும்' என்ற அமைப்பும் அவரும் அவரது சகாக்களும் உருவாக்கியதே.

அந்த அமைப்பைக் கணினி நேரடியாக வாசிக்கும்படி செய்த கருவி கியூக்கம்பர். வெள்ளரிக்காய்தான், வேறு அர்த்தமில்லை. 2008 இல் வெளிவந்த இக்கருவி எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் எழுதப்பட்ட சோதனைகளை ஏற்கிறது. தமிழும் அதில் உண்டு. மொழி தமிழ் என்று முதல் வரியில் குறிப்பிட்டுவிட்டு இப்படி எழுதலாம்:

காட்சி: தவணை நாளன்றே கட்டும் உறுப்பினருக்குத் தண்டம் இல்லை
கொடுக்கப்பட்ட உறுப்பினரின் தவணை நாள் 10 ஆம் திகதி
எப்போது அவர் 10 ஆம் திகதி தவணையைக் கட்டுகிறார்
அப்பொழுது தண்டப்பணம் 0 ரூபா

வரிகளின் தொடக்கத்தில் உள்ள சொற்கள் கருவியே வைத்திருப்பவை. 'எப்போது' என்பது எமது காதுக்குக் கேள்வியாகவே படுகிறது. ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த வினை இது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும் என்பதை நினைத்துப் பார்த்து யாராவது திருத்தினால் நன்று. இந்த நான்கு வரிகளுக்கும் பின்னால், ஒவ்வொரு வரிக்கும் கணினி என்ன செய்ய வேண்டும் என்று செய்நிரல் எழுதவும் வேண்டும். வசனத்தை எழுதினால் மட்டும் ஒன்றும் ஓடாது.

கியூக்கம்பர் இல்லாமலும் தமிழில் எழுத வழியுண்டு. பைத்தன் மொழியின் மூன்றாம் பதிப்பில் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம். ஜாவா மொழியில் சோதனை எழுதப் பயன்படும் ஜேயுனிற் கருவியின் 2017 இல் வந்த ஐந்தாம் பதிப்பில், சோதனைக்கு எந்த மொழியிலும் காட்சிப் பெயர் கொடுக்கலாம். கொம்பனி வேலைக்கு ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் யுவதி செய்யும் முறையைப் பாருங்கள். முதலில் விதியைத் தமிழில் ஒரு வசனமாக எழுதுகிறார். பிறகு அதைச் சிறிய ஆங்கில வசனமாக்குகிறார். தமிழில் தெளிவாக எழுத வராத விதி ஆங்கிலத்திலும் தெளிவாக வராது என்கிறார். ஆங்கிலம் போதாது என்று தயங்கி நிற்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். இங்கே தேவைப்படுவது எட்டு, பத்துச் சொற்களில் நேரான வசனம். அலங்கார ஆங்கிலம் எழுதினால் போதனாசிரியை வெட்டிவிடுகிறார்.

ஒலிக்காத கருவி

முகமாலையிலும் முல்லைத்தீவிலும் கண்ணிவெடி அகற்றும் பணியில் எமது பெண்கள் பலர் வேலை செய்திருக்கிறார்கள். காலையில் பாதைக்குள் இறங்கும் முன்னர், தெரிந்த உலோகத் துண்டொன்றின் மேல் கருவியைக் காட்டி, அது ஒலிக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒலிக்காத கருவியுடன் எவரும் இறங்குவதில்லை. நிலம் சுத்தமாக இருப்பதாலும் கருவி பேசாதிருக்கும், கருவி பழுதானாலும் பேசாதிருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்.

சோதனைக்கும் இதே விதி. எப்போதும் பச்சை காட்டும் சோதனையை நம்பக் கூடாது. மென்பொருளில் வேண்டுமென்றே ஒரு பிழையைச் செய்து, சோதனை சிவப்பாகிறதா என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். சரிபார்க்கும் வரியையே மறந்துவிட்ட சோதனையும் பச்சைதான் காட்டும். வகுப்பில் ஒரு பிள்ளையின் சோதனை இரண்டு வாரம் பச்சையாக இருந்தது, உள்ளே ஒன்றும் சரிபார்க்கப்படவில்லை என்று கண்டுபிடித்தார்கள்.

திரையில் பொத்தான்களை அழுத்திப் பார்க்கும் சோதனைகளில் இன்னொரு தொல்லை உண்டு. இதற்குப் பெரிதும் பயன்படும் செலினியம் கருவியை ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர் 2004 இல் சிக்காகோவில் தொடங்கினார். 'இரண்டாம் வரிசை மூன்றாம் பெட்டியை அழுத்து, ஐந்து செக்கன் பொறு, நாலாம் பெட்டியை அழுத்து' என்று எழுதப்பட்ட சோதனையை வாசித்தால் என்ன நடக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். இணையம் மெதுவானால் ஐந்து செக்கன் போதாமல் காரணமின்றிச் சிவப்பாகும். நாலு தடவை பொய்ச் சிவப்பைக் கண்டவர்கள் ஐந்தாம் தடவை உண்மைச் சிவப்பையும் கவனிக்க மாட்டார்கள். பெட்டிகளின் இடங்களை ஓரிடத்தில் எழுதி 'தவணையைக் கட்டு' என்று பெயரிட்டுவிட்டு, சோதனையில் அந்தப் பெயரை மட்டும் பாவிக்க வேண்டும். செக்கன் எண்ணுவதற்குப் பதிலாக 'பற்றுச்சீட்டு திரையில் தோன்றும் வரை பொறு' என்று எழுத வேண்டும்.

கணினியை நம்பிய நாடு

இதெல்லாம் எங்கோ ஒரு கொம்பனியின் உள்விவகாரம் என்று நினைக்கலாம். பிரித்தானியத் தபாலகங்களில் நடந்ததை நினைவூட்டுகிறேன். அங்கு 1999 முதல் கிளைத் தபாலகங்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் புகுத்தப்பட்டது. பெட்டியில் இருந்த காசு குறைகிறது என்று அது காட்டியது. கிளையை நடத்தியவர்கள் தாங்கள் எடுக்கவில்லை என்று அழுதார்கள். கணினி சரியாகவே இயங்குகிறது என்று நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டன. 1999 இற்கும் 2015 இற்கும் இடையில் 900 இற்கும் அதிகமானோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். வீட்டை விற்றுக் காசு கட்டியவர்களும் உண்டு. சீமா மிஸ்ரா என்ற பெண் 2010 நவம்பரில் 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றபோது எட்டு வாரக் கர்ப்பிணி. மென்பொருளில் வழுக்கள் இருந்ததை 2019 டிசெம்பரில் இலண்டன் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2021 ஏப்ரல் 23 இல் சீமா மிஸ்ரா உட்பட 39 பேரின் குற்றத் தீர்ப்புகள் இரத்துச் செய்யப்பட்டன. எஞ்சியோரில் பெரும்பாலானோரை விடுவிக்க 2024 மே மாதத்தில் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

நல்ல சோதனைகள் இருந்திருந்தால் இது எதுவுமே நடந்திராது என்று நான் சொல்ல வரவில்லை. மனிதர்களின் பிடிவாதத்துக்கும் அதில் பெரும் பங்கு இருந்தது. ஆனால் அந்தக் கிளை நடத்துநர்களின் கையில், 'இந்த இடத்தில் உங்கள் கணினி பிழை விடுகிறது' என்று காட்டுவதற்கு வாசிக்கக்கூடிய ஒரு தாள்கூட இருக்கவில்லை. பொருளாளராக இருக்கும் எந்தப் பெண்ணுக்கும் அந்த நிலைமை விளங்கும்.

இப்போது இயந்திரமே எழுதுகிறதே?

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பின்னர் இந்தக் கேள்வி எழுவது நியாயம். யுவதியும் முயன்று பார்த்தார். கடன் மென்பொருளைக் கொடுத்துச் சோதனை எழுதச் சொன்னார். ஒரு நிமிடத்தில் இருபது சோதனைகள் வந்தன. பெயர்கள் அழகாக இருந்தன. ஓட்டியபோது எல்லாம் பச்சை. வாசித்துக்கொண்டு போனபோது பதினோராவதில் நின்றார். 'தவணை நாளன்று கட்டினால் தண்டம் 50 ரூபா' என்று அதில் இருந்தது. திருத்தப்படாத பழைய மென்பொருளை அவர் கொடுத்திருந்தார். குழுவின் விதி என்ன என்பது கருவிக்குத் தெரியாது. மென்பொருள் என்ன செய்கிறதோ அதுவே சரி என்று எடுத்துக்கொண்டு, பிழைக்கே அது சாட்சி எழுதிக் கொடுத்துவிட்டது. விதி தெரிந்த ஒருத்தி வாசித்ததால் அகப்பட்டது.

இதனால் வேலைவாய்ப்புக்குப் பாதிப்பே இல்லை என்று ஆறுதல் சொல்வது சரியல்ல. திரையைப் பார்த்துப் பொத்தானை அழுத்திச் சரிபார்க்கும் தொடக்கநிலை வேலைகள் அருகிவருகின்றன. பாடநெறி முடித்த எல்லோருக்கும் வேலை என்று விளம்பரம் செய்பவர்களை நான் நம்புவதில்லை. நகைகளை அடகு வைத்தோ நுண்கடன் எடுத்தோ கட்டணம் கட்டிச் சேர வேண்டாம் என்று குடும்பங்களுக்கு வெளிப்படையாகவே சொல்லி வருகிறேன். பைத்தன், அதற்கான சோதனைக் கருவி, செலினியம், கியூக்கம்பர் யாவும் இலவசமாகக் கிடைப்பவை. பழைய மடிக்கணினி ஒன்றிலும் ஓடும். முதல் இரண்டு மாதம் இவற்றை வைத்துப் பழகிப் பார்த்துவிட்டு, பிடித்தால் பாடநெறிக்குப் போகலாம்.

சர்வதேச மென்பொருள் சோதனைத் தகைமைச் சபையின் அடிப்படைப் பரீட்சையை வேலை தருவோர் சிலர் கேட்கிறார்கள். நாற்பது வினாக்கள், 60 நிமிடம், 26 சரியானால் சித்தி. பரீட்சை மொழி தாய்மொழி அல்லாதவர்களுக்கு 75 நிமிடம் கிடைக்கும். இதை அறியாமல் பதிவு செய்யும் பிள்ளைகள் உண்டு, விண்ணப்பிக்கும்போதே கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பரீட்சை சோதனை எழுதும் கைத்திறனை அளப்பதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

பாடநெறி ஒன்றில் சேருமுன் போதனாசிரியர் யார், அவர் எங்கேனும் வேலை செய்தவரா என்று விசாரியுங்கள். முன்னைய தொகுதியில் படித்த பிள்ளைகள் இருவருடன் பேசுங்கள். வகுப்பு முடியும் நேரத்தில் ஊருக்குக் கடைசி பஸ் உண்டா என்றும் பாருங்கள், எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு அந்த பஸ்ஸோடுதான் நின்று போயிருக்கிறது. அங்கு படித்தவர்கள் எழுதிய சோதனை ஒன்றைக் காட்டச் சொல்லி, அதன் பெயரை உங்களுக்கு வாசித்துச் சொல்லும்படி கேளுங்கள்.